அப்பா கார்ல கேட்ட பாட்டு கிச்சனுக்கு ஏன் போச்சு: ஸ்பாட்டிஃபை, ஹோம் அசிஸ்டன்ட் இணைப்புல ஒரு வீட்டோட முழு கேஸ்

வீட்ல நாலு பேர். அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற பொண்ணு, பாட்டி. வீட்டு சாதனங்கள ஒரே இடத்துல இருந்து இயக்கற ஹோம் அசிஸ்டன்ட்ங்கற சாஃப்ட்வேர் ஏற்கனவே ராஸ்பெர்ரி பைங்கற ஒரு சின்ன கம்ப்யூட்டர் மேல நல்லா ஓடிட்டிருந்துச்சு, லைட், ஃபேன், வாசல் சென்சார், கிச்சன் மோஷன் சென்சார் எல்லாம் அதுலதான், பாட்டு மட்டும்தான் சேராம இருந்துச்சு. ஆசைப்பட்டது பெருசா ஒண்ணும் இல்ல. விடியக்காலை பாட்டி கிச்சனுக்குள்ள வந்ததும் மெதுவா வாத்திய இசை ஓடணும், சாயங்காலம் யாராவது வீட்டுக்குள்ள வந்தா ஹால்ல பாட்டு ஓடணும், எல்லாரும் வெளிய போயிட்டா தானா நிக்கணும். ஸ்பாட்டிஃபை ஃபேமிலி பிளான், அதனால நாலு பேருக்கும் தனித்தனி பிரீமியம் அக்கவுன்ட் இருந்துச்சு, பாட்டி மட்டும் அவங்க அக்கவுன்ட்ட தொட்டதே இல்ல.

பொண்ணுதான் உக்காந்து எல்லாத்தையும் செட் பண்ணா. ரொம்ப நல்லா பண்ணிருந்தா, இதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா குறைன்னு என்கிட்ட வந்த மூணும் அவ எழுதின ஆட்டோமேஷன்ல, அதாவது இது நடந்தா இதைச் செய்யுன்னு எழுதி வைக்கிற விதில, இருந்த பிழை கிடையாது. முதல் குறை, கிச்சன்ல சில நாள் காலையில பாட்டு வரும், சில நாள் வராது, எந்த நாள் வரும்னு யாராலயும் சொல்ல முடியல. ரெண்டாவது, அப்பா சீக்கிரம் கிளம்புற நாள்ல கார்ல கேட்டுட்டு இருக்கிற பாட்டு திடீர்னு நின்னுடும். மூணாவது, ஹால்ல இருக்கிற காஸ்ட் ஸ்பீக்கர், அதாவது போன்ல இருந்து வைஃபை வழியா பாட்ட அனுப்பி ஓட்டற ஸ்பீக்கர், அவங்க எல்லார் போன்லயும் தெரியும், ஹோம் அசிஸ்டன்ட் லிஸ்ட்ல மட்டும் தெரியாது.

மூணும் வேற வேற பிரச்சனை மாதிரி இருக்கும். மூணுக்கும் வேர் ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன். ஹோம் அசிஸ்டன்ட்ல ஸ்பாட்டிஃபைய சேர்த்ததும் ஒரு மீடியா பிளேயர் வந்து உக்காருது, பிளே பட்டன், வால்யூம், ஆல்பம் படம் எல்லாம் இருக்கு, பாக்கறவங்க அது ஒரு ஸ்பீக்கர்னு நினைச்சுக்கறாங்க. அது ஸ்பீக்கர் இல்ல, ஒரு அக்கவுன்ட்டோட ரிமோட். அதுல இருந்து ஒரு சத்தமும் வராது, அந்த அக்கவுன்ட் எந்த டிவைஸ்ல ஓடுதோ அந்த டிவைஸ ஸ்பாட்டிஃபை சர்வர் வழியா இயக்கும், அவ்வளவுதான். அதனால இந்த வேலைல முதல்ல கேட்கவேண்டிய கேள்வி எந்த பாட்டுங்கறதோ எத்தனை மணிக்குங்கறதோ இல்ல. சத்தத்தை எந்தப் பெட்டி போடுது, அது யாரோட அக்கவுன்ட்ல போடுது, இந்த ரெண்டுதான்.

இணைக்கிற இடத்துல நடந்ததை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் அங்கேயே நின்னுடறாங்க. ஸ்பாட்டிஃபை டெவலப்பர் டேஷ்போர்டுக்குப் போய் சொந்தமா ஒரு ஆப் உருவாக்கணும், அதுல கிடைக்கிற கிளையன்ட் ஐடியையும் கிளையன்ட் சீக்ரெட்டையும் ஹோம் அசிஸ்டன்ட்ல குடுக்கணும், அப்புறம் ரீடைரக்ட் யூஆர்ஐன்னு ஒண்ணு கேட்கும், அனுமதி குடுத்ததும் பிரவுசர் திரும்பிப் போகவேண்டிய அட்ரஸ்தான் அது. பொண்ணு அங்க வீட்டுக்குள்ள திறக்கிற அட்ரஸ அப்படியே போட்டிருந்தா, அதாவது எச்டிடிபியில ஆரம்பிச்சு உள் நெட்வொர்க் ஐபி, 8123 போர்ட், பின்னாடி கால்பேக் பாதை. பழைய வழிகாட்டி எல்லாம் அப்படித்தான் சொல்லும், அப்ப அது வேலையும் செஞ்சுது. ஆனா 2025 ஏப்ரல் 9 முதல் புதுசா உருவாக்குற ஆப்புக்கு எச்டிடிபிஎஸ் இல்லாத வெறும் எச்டிடிபி அட்ரஸ ஸ்பாட்டிஃபை ஏத்துக்கறது இல்ல, அதே கம்ப்யூட்டரைக் குறிக்கிற 127.0.0.1 மாதிரி லூப்பேக் ஐபிக்கு மட்டும் விலக்கு, லோக்கல்ஹோஸ்ட்னு பேர் போட்டாக்கூட ஆகாது.

இதுக்கு நேர்வழி மை ஹோம் அசிஸ்டன்ட்ங்கற வெப் பக்கத்தோட ரீடைரக்ட் அட்ரஸைப் போடறது. ஹோம் அசிஸ்டன்ட் டாக்குமென்ட்ல அந்த அட்ரஸ் அப்படியே இருக்கு, காப்பி பண்ணி ஒட்டணும், கையால டைப் பண்ணக் கூடாது, கடைசியில ஒரு சாய்கோடு கூடினாலும் இன்வேலிட் ரீடைரக்ட் யூஆர்ஐன்னு சொல்லிடும், எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். வீட்டு சர்வர் வெளிய இருந்து திறக்க முடியாத நிலைல இருந்தாலும் இது ஓடும். அந்த வெப் பக்கம் உங்க பிரவுசர்ல சேமிச்சு வச்சிருக்கிற வீட்டு அட்ரஸப் பார்த்து உங்களை அங்க திருப்பி விடுது, அந்தத் திருப்பம் நடக்கறது உங்க பிரவுசருக்குள்ளதான், வெளியில இருந்து யாரும் வீட்டுக்குள்ள வர்றதே இல்ல. வீட்டு நெட்வொர்க்க திறந்து போட்டாத்தான் ஸ்பாட்டிஃபை இணையும்னு பயந்து போர்ட் ஃபார்வர்ட் பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, தேவையே இல்ல. பாஸ்வேர்டும் ஹோம் அசிஸ்டன்ட்டுக்குப் போறது கிடையாது, ஓஆத்ங்கற அனுமதி முறைல ஒரு டோக்கன், அதாவது ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி ஒண்ணுதான் போகுது, ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரத்துல காலாவதி ஆகும், ரிஃப்ரெஷ் டோக்கனை வச்சு ஹோம் அசிஸ்டன்ட் தானா புதுப்பிச்சுக்கும். வேண்டாம்னு தோணினா ஸ்பாட்டிஃபை அக்கவுன்ட் பக்கத்துல ஆப்ஸ் பகுதிக்குப் போய் அனுமதிய எடுத்துடலாம்.

இனி கிச்சன்.

கிச்சன்ல ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர், ரெண்டு ஸ்பீக்கர், அதுக்கு முன்னாடி இன்னொரு சின்ன ராஸ்பெர்ரி பை. அதுல ராஸ்பாட்டிஃபை போட்டிருந்தாங்க, உள்ள லிப்ரெஸ்பாட்ங்கற ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்தான் ஓடும், அது அந்தப் பெட்டிய ஒரு ஸ்பாட்டிஃபை கனெக்ட் டிவைஸா, அதாவது ஸ்பாட்டிஃபை ஆப்ல இருந்து தேர்ந்தெடுத்துப் பாட்டு ஓட்டக்கூடிய டிவைஸா மாத்தும், பிரீமியம் அக்கவுன்ட் கட்டாயம் வேணும். நல்ல தேர்வு, எனக்கு இந்த அமைப்பு ரொம்பப் பிடிக்கும், பழைய ஸ்பீக்கர தூக்கிப் போடாம புது வேலைக்கு வச்சுக்கலாம். பாட்டு வராத ஒரு காலையோட லாக்க, அதாவது என்ன நடந்துச்சுங்கற பதிவ, எடுத்துப் பார்த்தோம். மோஷன் சென்சார் சரியா தட்டியிருக்கு, ஆட்டோமேஷன் ஓடியிருக்கு, ஸ்பாட்டிஃபைக்கு கட்டளையும் போயிருக்கு, பதில் மட்டும் 404, ஆக்டிவ் டிவைஸ் எதுவும் இல்லன்னு. சரி, வந்த காலைல என்ன வித்தியாசம்னு பார்த்தா, அதுக்கு முந்தின ராத்திரி யாரோ கிச்சன் லைட்ட லேட்டா அணைச்சிருக்காங்க, அதனால ராத்திரி ஓடற இன்னொரு ஆட்டோமேஷன் ஓடல. அந்த இன்னொரு ஆட்டோமேஷன் என்ன பண்ணுதுன்னா, கரண்ட் மிச்சம் பிடிக்க கிச்சன்ல இருக்கிற ஸ்மார்ட் பிளக் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுது. ஆம்ப்ளிஃபையரும் ராஸ்பெர்ரி பையும் ஒரே பிளக்ல.

இப்ப புரிஞ்சிருக்கும். காலையில பாட்டி உள்ள வந்ததும் பிளக் ஆன் ஆகுது, ராஸ்பெர்ரி பை அப்பத்தான் பூட் ஆகவே ஆரம்பிக்குது, கட்டளை அதுக்கு முன்னாடியே போய் திரும்பி வந்துடுது. ஒரு நிமிஷம் காத்திருந்து அனுப்பினா சரியாயிடும்னு பொண்ணு நினைச்சு டிலே கூட போட்டுப் பார்த்திருந்தா, அதுலயும் சரியாகல, இங்கதான் விஷயம் கொஞ்சம் ஆழமா போகுது. லிப்ரெஸ்பாட் பூட் ஆனதும் எம்டிஎன்எஸ்ங்கற, உள் நெட்வொர்க்ல டிவைஸ்கள் தங்களை அறிவிச்சுக்கற முறை வழியா வீட்டு நெட்வொர்க்குக்குள்ள நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டு சும்மா இருக்கும். யாராவது போன்ல அதைத் தொட்டு எடுத்தாத்தான் அந்த ஆளோட அக்கவுன்ட்ல அது லாகின் ஆகும். அதுவரைக்கும் ஸ்பாட்டிஃபை சர்வரப் பொறுத்தவரை அப்படி ஒரு டிவைஸே கிடையாது. போன் ஆப் அதே வைஃபைல இருக்கறதால அந்தக் குரலக் கேட்டு லிஸ்ட்ல காட்டுது, ஹோம் அசிஸ்டன்ட்டோ சர்வர் கிட்டதான் லிஸ்ட்ட கேட்கும். ஹால் ஸ்பீக்கர் போன்ல தெரிஞ்சு ஹோம் அசிஸ்டன்ட்ல தெரியாததுக்கும் இதே காரணம்தான், காஸ்ட் வகை ஸ்பீக்கர் சும்மா இருக்கறப்ப ஸ்பாட்டிஃபை அதுக்குள்ள ஓடவே இல்ல, ஓடாதது சர்வருக்குத் தெரியாது. போன்ல தெரியுதே அப்ப ஏன் இங்க இல்லன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இன்டக்ரேஷன, அதாவது ஹோம் அசிஸ்டன்ட்ல இருக்கிற ஸ்பாட்டிஃபை இணைப்ப, அழிச்சு திரும்பத் திரும்ப சேர்க்கறவங்களுக்கு இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், ஒரு ராத்திரி மிச்சம்.

கிச்சனுக்குத் தீர்வு ரெண்டு பகுதி. ராஸ்பெர்ரி பைய எப்பவும் ஆன்ல இருக்கிற பாயின்ட்டுக்கு மாத்தினோம், அது இழுக்கிற கரண்ட் சொற்பம், பிளக்ல ஆம்ப்ளிஃபையர் மட்டும். அப்புறம் ராஸ்பாட்டிஃபை கான்ஃபிக்ல கிரெடென்ஷியல் கேஷ், அதாவது லாகின் விவரத்த சேமிச்சு வைக்கிற வசதி, ஆஃப்ல இருந்துச்சு, அதை ஆன் பண்ணி ஒரே ஒரு தடவை போன்ல இருந்து தொட்டு லாகின் ஆக வச்சோம். இப்ப கரண்ட் போய் வந்தாலும் அது தானே சேமிச்சு வச்ச லாகின்ல உள்ள போயிடும், யாரும் தொட வேண்டாம். யூசர்நேம் பாஸ்வேர்ட நேரா கான்ஃபிக்ல எழுதற பழைய வழிய இன்னும் சில இடத்துல சொல்லிக்கிட்டு இருக்காங்க, அதுல நேரத்த வீணாக்காதீங்க, லிப்ரெஸ்பாட் புது வெர்ஷன்ல அது கைவிடப்பட்டது.

ஆனா எந்த அக்கவுன்ட்ல லாகின் ஆக வைக்கறது? இதுதான் கார் விஷயத்துக்குக் கொண்டு போகுது.

இணைச்சது அப்பா அக்கவுன்ட். வீட்டுக்குப் பெரியவர், பிளான் அவர் பேர்ல இருக்கு, அதனால இயல்பா அவர் அக்கவுன்ட்டையே குடுத்துட்டாங்க. ஒரு ஸ்பாட்டிஃபை அக்கவுன்ட்ல ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் பாட்டு ஓடும். அப்பா விடியக்காலை கார் எடுத்துட்டுக் கிளம்பறாரு, போன்ல பாட்டு ஓடுது, வீட்ல பாட்டி கிச்சனுக்குள்ள கால் வைக்கறாங்க, ஆட்டோமேஷன் கிச்சன் ஸ்பீக்கர செலக்ட் பண்ணுது, அந்த நொடியே கார்ல பாட்டு நின்னு கிச்சன்ல ஓட ஆரம்பிக்குது. அவரு ரொம்ப நாளா போன் சிக்னல் பிரச்சனைன்னு நினைச்சு, சில நேரம் ரோட்ட விட்டுப் பார்வைய எடுத்து போனத் தட்டியிருக்காரு. எனக்கு இதைக் கேட்டதும் உண்மையிலேயே பதறிச்சு. மத்த குறை ரெண்டும் அசௌகரியம், இது அப்படி இல்ல, வண்டி ஓட்டற ஆளோட கவனத்த வீட்ல இருக்கிற ஒரு சென்சார் கலைக்குது. அதனால வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி அன்னிக்கே அந்த ஆட்டோமேஷன நிறுத்தி வச்சோம்.

சில பேர் இதுக்கு ஒரு கண்டிஷன் போட்டு சமாளிக்கலாம்னு சொல்வாங்க, அதாவது மீடியா பிளேயர் பிளேயிங்ல இருந்தா ஆட்டோமேஷன் ஓடாதேன்னு. போடலாம், ஆனா அதை நம்பி இருக்க முடியாது. ஹோம் அசிஸ்டன்ட் ஸ்பாட்டிஃபை கிட்ட நிலைமைய சுமார் 30 செகண்டுக்கு ஒரு தடவைதான் கேட்டுத் தெரிஞ்சுக்குது, ஸ்பாட்டிஃபையும் எதுவும் மாறினா தானா வந்து சொல்றது இல்ல. அந்த இடைவெளிக்குள்ள அப்பா பிளே அழுத்தியிருந்தா ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு அது தெரியாது. அதோட கண்டிஷன் ஒழுங்கா வேலை செஞ்சாலும் அப்பா பாட்டு கேக்கற நாளெல்லாம் பாட்டிக்குப் பாட்டு கிடையாதுன்னு ஆகுது, அது எந்த விதத்துல நியாயம்.

பாட்டிகிட்ட உக்காந்து பேசினப்ப அவங்க சொன்னது ரொம்பத் தெளிவு. "எனக்கு பட்டன் எல்லாம் வேண்டாம்ப்பா, நான் வந்தா பாடணும், போனா நிக்கணும், அவ்வளவுதான்." அவங்கதான் அந்த நேரத்துல கிச்சன்ல கேக்கறவங்க, அவங்களுக்குன்னு ஒரு அக்கவுன்ட் தொடாம கிடக்குது, அவங்க பாட்ட வெளிய எங்கயும் எடுத்துட்டுப் போறதும் இல்ல. கிச்சன் பாட்டிக்கு, பாட்டி அக்கவுன்ட் கிச்சனுக்கு. இதுல இன்னொரு நன்மையும் இருக்கு, தினமும் காலையில ஓடற வாத்திய இசையால அப்பாவோட சிபாரிசு லிஸ்ட் முழுக்க அதே மாதிரி நிரம்பிப் போயிருந்துச்சு, இனி பாட்டிக்குப் பிடிச்சது பாட்டி கணக்குல சேரும்.

அக்கவுன்ட் மாத்தறப்ப ரெண்டு இடத்துல தடுக்கும், முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. ஒண்ணு, ரீஆத்தென்டிகேட் பண்ணி வேற அக்கவுன்ட்டுக்கு மாத்த முடியாது, பழைய அக்கவுன்ட்டேதான் வேணும்னு ஹோம் அசிஸ்டன்ட் மறுத்துடும், இன்டக்ரேஷன்ல புதுசா ஒரு என்ட்ரி சேர்க்கணும். சேர்க்கறப்ப பிரவுசர்ல ஸ்பாட்டிஃபை பழைய ஆளோட லாகின்லயே இருந்தா கேட்காமலே அவரையே திரும்ப எடுத்துக்கும், அதனால முதல்ல ஸ்பாட்டிஃபை வெப்ல லாகவுட் பண்ணிட்டுத் தொடங்கணும். இன்னொண்ணு, டெவலப்பர் ஆப் உருவாக்கினது பொண்ணோட அக்கவுன்ட், அது டெவலப்மென்ட் மோட்ல இருக்கு, அந்த மோட்ல டேஷ்போர்டுல யூசர் லிஸ்ட்ல சேர்த்த ஆளுங்களுக்கு மட்டும்தான் ஸ்பாட்டிஃபையோட ஏபிஐ, அதாவது ஆப் கட்டளை அனுப்பற வழி, பதில் சொல்லும். பாட்டியோட பேரையும் ஈமெயிலையும் அங்க சேர்க்காம விட்டா லாகின் வரைக்கும் நல்லாப் போய் அப்புறம் 403, அதாவது அனுமதி இல்லன்னு நிக்கும், பாஸ்வேர்ட் தப்புன்னு நினைச்சு பாஸ்வேர்ட மாத்திக்கிட்டே இருப்பீங்க.

ஆட்டோமேஷன இப்ப எப்படி அடுக்கினோம்னு சொல்றேன், வரிசைதான் இங்க முக்கியம். மோஷன் வந்ததும் ஆம்ப்ளிஃபையர் பிளக் ஆன், சில செகண்ட் இடைவெளி, எந்த டிவைஸ்ல ஓடணும்னு சொல்ற செலக்ட் சோர்ஸ்ல கிச்சன் டிவைஸ் பேரு, ரெண்டு செகண்ட், வால்யூம் 20 சதவீதம், ஷஃபிள் ஆன், அதுக்கப்புறம்தான் பிளே மீடியா, அதுல பிளேலிஸ்ட்டோட ஸ்பாட்டிஃபை யூஆர்ஐ. சோர்ஸ செலக்ட் பண்ணாம நேரா பிளே குடுத்தா, எதுவும் ஓடாத நேரத்துல லிஸ்ட்ல முதல்ல எந்த டிவைஸ் இருக்கோ அதுக்குப் போயிடும், அது யாரோட லேப்டாப்பாவும் இருக்கலாம், தூங்கற அறைல இருக்கலாம். வால்யூம பிளேக்கு முன்னாடி வைக்கணும், பின்னாடி வச்சா முந்தின நாள் யாரோ ஏத்தி வச்ச சத்தத்துல ஒரு நொடி அலறிட்டு அப்புறம் இறங்கும், விடியக்காலைல அது வீட்டையே எழுப்பிடும். சோர்ஸ் பேர் எழுத்து மாறாம இருக்கணும், ராஸ்பாட்டிஃபைல டிவைஸ் பேர மாத்தினா ஆட்டோமேஷன்லயும் மாத்தணும். நிக்கறதுக்கு, மோஷன் கால் மணி நேரம் இல்லன்னா பாட்ட நிறுத்தி வைக்கறது, அதுக்குப் பிறகு ஆம்ப்ளிஃபையர் ஆஃப். பாட்டி அசையாம உக்காந்து வேலை பண்ற நேரமும் உண்டு, அதனால இந்த கால் மணி நேரத்த குறைக்காதீங்கன்னு பொண்ணுகிட்ட தனியா சொல்லியிருக்கேன்.

ஹால் காஸ்ட் ஸ்பீக்கருக்கு ஸ்பாட்டிஃபை இன்டக்ரேஷன விட்டுட்டு மியூசிக் அசிஸ்டன்ட் போட்டோம். ஹோம் அசிஸ்டன்ட் இருக்கிற அதே ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷனோட புராஜெக்ட்தான். இது ரிமோட் வேலை பண்ணாது, ஸ்பாட்டிஃபைல இருந்து பாட்டை தானே வாங்கி ஸ்பீக்கருக்கு நேரா அனுப்பும், அதனால ஸ்பீக்கர் கனெக்ட் லிஸ்ட்ல தெரியணும்ங்கற கேள்வியே எழாது. அதுல அம்மா அக்கவுன்ட், ஏன்னா சாயங்காலம் ஹால்ல பெரும்பாலும் அவங்கதான் கேக்கறாங்க. இதுக்கு முன்னாடி காஸ்ட் ஸ்பீக்கர எழுப்பறதுக்கு ஸ்பாட்காஸ்ட்னு ஒரு கஸ்டம் இன்டக்ரேஷன நிறைய பேர் வச்சிருந்தாங்க, அது பிரவுசர் குக்கிய எடுத்துக் குடுத்து ஓட்டற வழி, குக்கிய வெளிய எடுத்து ஒரு ஃபைல்ல வைக்கறது எனக்கு ஒப்பல, வேற வழி இருக்கறப்ப அது வேண்டாம்னு சொல்லிட்டேன்.

பொண்ணுக்கு இன்னொரு ஆசை இருந்துச்சு, பாட்டோட டெம்போவுக்கு ஏத்த மாதிரி லைட் நிறம் மாறணும்னு. பாட்டோட வேகம், உற்சாகம் மாதிரி விவரத்தைத் தர்ற ஆடியோ ஃபீச்சர்ஸ் பகுதிய ஸ்பாட்டிஃபை 2024 நவம்பர் 27லிருந்து புது ஆப்புகளுக்கு நிறுத்திடுச்சு, அதனால இந்த வழில அது முடியாது. ஆல்பம் படத்தோட நிறத்த எடுத்து லைட்டுக்குக் குடுக்கற வழி இருக்கு, ஹோம் அசிஸ்டன்ட்லயே கலர் எக்ஸ்ட்ராக்டர்னு அதுக்கு ஒண்ணு உண்டு, அதை வச்சு பண்ணிக்கறேண்ணான்னு சொல்லியிருக்கா.

அப்பா கடைசியா கேட்டது, காலையில எழுப்பறதுக்கும் இதையே அலாரமா வச்சுக்கலாமான்னு. வேண்டாம்னு சொன்னேன். இன்டர்நெட் போனா கிச்சன், ஹால் ரெண்டு வழியும் நிக்கும், போன்ல டவுன்லோடு பண்ணி வச்ச பாட்டு இருந்தாலும் கிச்சன் ஸ்பீக்கருக்கு அது உதவாது, டோக்கன் ஏதாவது காரணத்தால செல்லாமப் போனா யாராவது உக்காந்து திரும்ப அனுமதி குடுக்கற வரைக்கும் சத்தமே இருக்காது. எழுந்திரிக்கறதுக்கு போன் அலாரம் இருக்கட்டும், அதோட சேர்த்து பெட்ரூம் லைட் மெதுவா ஏறற மாதிரி ஒரு ஆட்டோமேஷன் எழுதிக் குடுத்திருக்கோம், அது வீட்டுக்குள்ளயே ஓடறது, வெளிய எந்த சர்வரையும் கேக்காது.